பிள்ளைக்கு வேண்டாத தொழில்

1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் படிக்கக் கல்கத்தாவுக்குப் போனார்கள். பிழைக்கப் போனவர்கள் போன இடத்திலேயே வேர்விட்டு விடுவதுதான் வழக்கம். இவர்கள் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பி வந்து, 1923-இல் சொந்த ஊரில் ஆலை வைத்தார்கள். பிறகு பாகம் பிரிந்தபோது ஒருவருக்கு அணில் முத்திரை, மற்றவருக்குக் காக்கா. மானாவாரி வெள்ளாமையைக் கெடுத்த அதே வெயில், குச்சியையும் மருந்தையும் காயவைக்கத் தோதாக இருந்தது. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது; லேபிள் அடிக்க அச்சகம் வந்தது.

அவர்களுடைய முன்னோர்களே வந்தேறிகள்தான். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டிலிருந்து மாட்டு வண்டியில் சரக்கு ஏற்றி வடக்கே வந்த நாடார் வணிகர்கள் விருதுபட்டி, சிவகாசி, அருப்புக்கோட்டை என்று ஊர் ஊராகப் பேட்டை கட்டித் தங்கினார்கள். தங்கவிடாமல் அடித்தவர்களும் உண்டு. 1899 சிவகாசிக் கலவரம் அந்தக் கணக்கில் சேரும். எனக்கு வியப்பாக இருப்பது அவர்கள் சம்பாதித்தது அல்ல, சம்பாத்தியத்திலிருந்து எடுத்து வைத்தது. விற்கிற சரக்குக்கு மகமை. வீட்டில் உலை வைக்கும்போது பிடி அரிசி. அப்படிச் சேர்ந்ததில் 1889-இல் விருதுபட்டியில் எழுந்ததுதான் சத்திரிய வித்யாசாலா. தேங்காய் வியாபாரி ஒருவரின் மகன் அங்கே படித்தான். அப்பா இறந்துபோக, பாதியிலேயே படிப்பை விட்டு மாமாவின் துணிக்கடைக்குப் போனான். அந்தக் காமராஜர்தான் பின்னால் முதலமைச்சராகி ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறந்தார்.

அயர்லாந்துக்காரர்களின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 1845-இல் உருளைக்கிழங்குச் செடி அழுகத் தொடங்கியது. சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். ஏறக்குறைய அத்தனை பேர் கப்பலேறினார்கள். வெக்ஸ்ஃபோர்டிலிருந்து பாஸ்டனுக்குப் போன பேட்ரிக் கென்னடிக்குப் பீப்பாய் செய்யும் தொழில். கைக்குழந்தையை விட்டுவிட்டு 1858-இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். அவருடைய கொள்ளுப்பேரன்தான் அமெரிக்க ஜனாதிபதி ஜான் கென்னடி. இடைப்பட்ட தலைமுறைகளில் யாரும் பீப்பாய் செய்யவில்லை. அதற்காக அந்தக் குடும்பத்தில் யாரும் வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள்.

குலத்தொழில், அப்பன் தொழில் என்று நாம் பெருமையாகப் பேசுகிறோம். உயிரைக் கொடுத்துத் தொழில் செய்தவனின் ஆசை பெரும்பாலும் அதற்கு நேரெதிர். பட்டாசு ஆலையில் மருந்து கலப்பவரைப் பாருங்கள். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். பருத்திச் சட்டை, வெறுங்கால். உள்ளே நுழையும் முன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிடுகிறார். அலுமினியப் பவுடரும் கந்தகமும் சல்லடையில் இறங்கும்போது கையைச் சுழற்றுகிற வேகத்தில் இருக்கிறது எல்லாம். கொஞ்சம் உரசினால் போச்சு. அந்த வேகத்தை எந்தப் புத்தகத்திலும் படிக்க முடியாது, பல வருஷம் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் கையில் ஏற்ற வேண்டும். இத்தனை நுட்பத்தையும் அவர் மகனுக்குக் கற்றுத் தருவதில்லை. ஆலை வாசலுக்கே அவனை வரவிடுவதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். வேலைக்குப் போகாமல், வெடிச் சத்தம் கேட்டு ஓடி வந்தவர்களும் அதில் இருந்தார்கள். இதை அறிந்த ஒரு தகப்பன் தன் வித்தையைத் தன்னோடு முடித்துக்கொள்ள நினைத்தால், அதைவிடப் பெரிய சொத்தை அவன் எழுதி வைத்துவிட முடியாது.

சிவகாசியின் மருந்து சம்பாதித்த பணத்தில்தான் பிள்ளைகள் மருந்தைத் தொடாமல் இருப்பதற்கான வழியும் பிறந்தது. அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963-இல் தொடங்கியது. பெண்களுக்கான ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் கல்லூரி 1968-இல். பட்டாசுக் கம்பெனியின் பெயரைத் தாங்கிய கல்லூரியில் கணக்கும் வேதியியலும் படித்து, எத்தனையோ பெண்கள் பட்டாசுக்குச் சம்பந்தமே இல்லாத வேலைகளுக்குப் போயிருக்கிறார்கள். முதலாளி வீட்டுக்கும் தொழிலாளி வீட்டுக்கும் இதில் ஒரு வித்தியாசம் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. முதலாளியின் பிள்ளை படித்துவிட்டு விரும்பினால் தொழிலுக்குத் திரும்பலாம். தொழிலாளியின் பிள்ளை திரும்பாமல் இருப்பதற்கு, பட்டம் வாங்கும்வரை அப்பா மருந்து கலக்கும் அறைக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

திருத்தங்கல் பக்கம் மருந்து கலக்கும் ஒருவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, இளையவள் கல்லூரியில் படிக்கிறாள். எப்போது நிறுத்துவீர்கள் என்று கேட்டேன். வருஷக் கணக்கெல்லாம் அவரிடம் கிடையாது. "இன்னும் ரெண்டு தீவாளி சார். அதுக்கப்புறம் போர்மேன் வீட்டு வாசல்ல வந்து நின்னாலும் வரமாட்டேன்" என்றார்.