எதிர்ப்பிலும் அஹிம்சை

அதிகாரத்தை எதிர்ப்பது அறமாகுமா? அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகம் வளாகத்தினுள் அரசியல் பரப்புரையைத் தடைசெய்தது. 1964 அக்டோபர் 1ஆம் நாள் தடையை மீறிய ஒருவர் கைதானார். மாணவர்கள் காவல் வண்டியைச் சூழ்ந்து 32 மணி நேரம் அமர்ந்தனர். வண்டிமேல் ஏறிப் பேசிய மேரியோ சாவியோ, அதற்குச் சேதம் நேராதிருக்கத் தம் காலணிகளைக் கழற்றினார்.

வழிமறித்தலும் ஹிம்சையன்றோ என்பாரும் உளர். அவ்வினா நியாயமானதே. ஆயின் பிறர் வாயை அடைப்பதும் ஹிம்சையே. மனம், மொழி, மெய்களால் வருத்தாமை என்னும் அளவுகோல் ஆள்வோர்க்கும் எதிர்ப்போர்க்கும் பொது.

டிசம்பர் 8ஆம் நாள் ஆசிரியர் பேரவை, 824க்கு 115 என்ற வாக்குகளால் மாணவரின் கோரிக்கையை ஏற்றது. இளையோர் சொல்லிலும் உண்மையின் ஒரு கூறு உண்டென ஏற்பதே அநேகாந்தம். நம் இல்லங்களிலும் பிள்ளைகள் மறுத்துப் பேசுங்கால், முதலில் செவிகொடுப்போமாக.