தந்தையின் தோள்



சீர்காழியிலே பிரமதீர்த்தக் கரையில் மூன்று வயதுப் பிள்ளையை இருத்திவிட்டு நீரில் மூழ்கினார் சிவபாத இருதயர். தந்தையைக் காணாத பிள்ளை தோணியப்பர் கோபுரத்தைப் பார்த்து அழுதது. உமையம்மையார் ஞானப்பால் ஊட்டினார். கரையேறிய தந்தையோ கடைவாயில் பாலைக் கண்டு, யார் கொடுத்ததை உண்டாய் என்று கோலை ஓங்கி அதட்டினார். பிள்ளை இறைவனைச் சுட்டிப் பாடியது. கோலெடுத்த அதே கை பின்னர் பிள்ளையைத் தோளில் ஏற்றியது. திருநனிபள்ளிக்கும் தோளிலேதான் பயணம்.

ஒரு தலைமுறைக்கு முன்னர் கிராமத்து அப்பாமார் பலர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீதியில் நடக்கவே கூச்சப்பட்டார்கள். அப்பா என்றால் உழைப்பு, பயம், பள்ளிக்கூட றிப்போட்டில் ஒரு கையெழுத்து. முகநூல் 2004 இலும் யூரியூப் 2005 இலும் வட்ஸ்அப் 2009 இலும் தோன்றின. இன்று பிள்ளையைக் குளிப்பாட்டும், மகளுக்குத் தலைபின்னும் அப்பாமாரைக் கைத்தொலைபேசியில் காண்கிறோம். அதைப் பார்த்துக் கூச்சம் விட்டவர்கள் உண்டு, நல்லதுதான். கட்டாரில் உழைக்கும் அப்பா இரவில் வீடியோவில் வந்து பாடம் கேட்கிறார். பேச்சைப் பதிந்த கசற் வரும்வரை காத்திருந்த குடும்பங்களுக்கே அதன் அருமை தெரியும்.

ஆனால் படத்தில் வரும் அப்பாமார் எல்லோரும் சிரித்த முகம். கடனுக்கு விதைநெல் வாங்கிவந்த அப்பாவின் முகம் அப்படியிராது. பிள்ளை இரண்டையும் ஒப்பிடுகிறது. அப்பாவும் ஒப்பிட்டு மனம் சோர்கிறார். ஜூன் மூன்றாம் ஞாயிறு தந்தையர் தினத்திலே முகநூல் நிறைய வாழ்த்து. முகநூல் இல்லாத அப்பா அதே வீட்டுத் திண்ணையில் தேத்தண்ணிக்குக் காத்திருப்பார்!

தேர்த்திருவிழாவிலும் இதே கதைதான். சுவாமி தேரேறும் வேளை. சனநெரிசலில் காலடியில் நிற்கும் பிள்ளை, "அப்பா தூக்குங்கோ, தூக்குங்கோ" என்று வேட்டியைப் பிடித்து இழுக்கிறது. அப்பாவின் இரண்டு கைகளும் தலைக்குமேலே, கைகளில் தொலைபேசி. தொலைபேசி சுவாமியைக் கண்டது. பிள்ளை கண்டது முன்னால் நின்றவர்களின் முதுகை. வீட்டில் அந்தப் படத்தைக் காட்டினால் அது தரிசனமாகுமா?

பின்னொரு நாள், திருநெல்வாயில் அரத்துறைக்குச் செல்லும் வழியில், சம்பந்தப்பிள்ளை தந்தையின் தோளைவிட்டு நடந்தே சென்றது. தாமரைப் பாதங்கள் நோவதைக் கண்டு தந்தை வருந்தினார். இறைவன் திருவருளால் முத்துச்சிவிகை வந்தது. அதன்பின் பயணம் சிவிகையிலே.