யாருக்காக இந்தக் கட்டுப்பாடு?

டில்லியில் வசதி படைத்த ஒருவர் கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்குகிறார். சாவியோடு அவர் கைக்கு ஒரு கையேடும் வருகிறது. அதைப் பிரித்தால், வாங்கிய இன்பத்தை உடனே அனுபவிக்கக் கூடாது என்ற விதி இருக்கிறது! முதல் 3,000 கி.மீ. வரை எஞ்சினை நிமிடத்திற்குச் சுமார் 4,000 சுழற்சிகளுக்கு மேல் விரட்ட வேண்டாம் என்று போர்ஷே நிறுவனம் நெடுங்காலமாகக் கூறிவருகிறது. பி.எம்.டபிள்யூ.வின் 'எம்' ரகக் கார்களுக்கு இந்த விரதம் 2,000 கி.மீ. வரை, அதன் முடிவில் எண்ணெயை மாற்றியே ஆக வேண்டும். ஏழாயிரம் சுழற்சிகளைத் தொடக்கூடிய எஞ்சின், பாதியைச் சற்றுக் கடந்ததும் நின்றுவிட வேண்டியிருக்கிறது.

இந்த வழக்கம் புதியதன்று. அம்பாசடரும் ஃபியட்டும் ஓடிய காலத்தில், புதிய காரின் பின்கண்ணாடியில் 'ரன்னிங்-இன்' என்று எழுதி ஒட்டுவார்கள். பின்னால் வருபவர் அதைக் கண்டு, பொறுமையிழக்காமல் விலகிச் செல்வார்.

இந்த விதி எதற்காக? சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடி போல் வழவழப்பாக விடப்படுவதில்லை. எண்ணெய் தங்குவதற்காகக் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்கள் வேண்டுமென்றே இடப்படுகின்றன. பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் அந்தச் சுவரில் உராய்ந்து, மேடுகள் தேய்ந்து, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். இந்தப் பொருத்தத்தின் பெரும்பகுதி முதல் சில மணி நேர ஓட்டத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. அப்போது எஞ்சினை மிகையாக விரட்டினால், பொருந்தாத இடங்களில் வெப்பம் ஏறி உலோகம் உலோகத்தைச் சுரண்டிவிடும்.

இதுவரை சொன்னது எளிதில் விளங்கக்கூடியது. புலனடக்கம் பற்றிய சொற்பொழிவுகளுக்கு ஏற்ற உவமையும்கூட. ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அஞ்சி அஞ்சி மிக மெதுவாகவே ஓட்டப்படும் எஞ்சினும் கெட்டுப்போகிறது. வளையங்களைச் சுவரோடு அழுத்துவது எரிவாயுவின் அழுத்தமே. போதிய அழுத்தம் இல்லையென்றால் வளையங்கள் படிவதில்லை. எண்ணெய் கருகிச் சுவரின் மீது பளிங்கு போன்ற படலமாகிவிடுகிறது. பிறகு அந்த எஞ்சின் வாழ்நாள் முழுவதும் எண்ணெயைக் குடித்து, நீலப்புகை கக்கும். அதனால்தான் ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டாதே, ஏற்றியும் இறக்கியும் ஓட்டு, முழு விசையை மட்டும் தவிர் என்கின்றன கையேடுகள். முதல் நாளிலேயே ஓரளவு கடுமையாக ஓட்ட வேண்டும் என்று வாதிடும் பொறியியல் அறிந்தோரும் உண்டு. இன்றைய எஞ்சின்கள் மிக நுட்பமாகச் செய்யப்படுவதால் பழைய அளவு கண்டிப்பு தேவையில்லை என்பதும் உண்மையே.

டில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் ஒரு பந்தயக் களம் இருக்கிறது. 2011 முதல் 2013 வரை மூன்று ஆண்டுகள் ஃபார்முலா ஒன் பந்தயம் அங்கே நடந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2011-இல் அங்கே ஓட்டினார். உச்ச வேகத்திற்கென்றே அமைந்த அந்தக் களத்திற்குப் 'புத்தர்' பெயர் வாய்த்தது விந்தைதான். மாவட்டத்தின் பெயரே கௌதம புத்த நகர். ஆயினும் பெயர் பொருந்தாமல் போகவில்லை. கால்களில் இரத்தம் கசியும்வரை நடந்து தவம் செய்து, பயன் காணாமல் சோர்ந்த சோணன் என்ற துறவியிடம் புத்தர் கேட்டது வீணையைப் பற்றித்தான். இல்லறத்தில் இருந்தபோது வீணை வாசித்த சோணனுக்குத் தெரியும்: நரம்பை அளவுக்கு மீறி முறுக்கினாலும், தளர விட்டாலும் இசை பிறப்பதில்லை. புதிய எஞ்சினும் அப்படியே. கட்டுப்பாடு வேறு, அச்சம் வேறு.

எனினும், வீணையின் சுருதி தவறினால் வாசிப்பவர் காதுக்கே உடனே தெரிந்துவிடும். எஞ்சினில் அப்படியில்லை. முதல் வாரத்தில் செய்த தவறு பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்த பின்னரே வெளிப்படலாம். அதற்குள் கார் கைமாறியிருக்கும். கரோல் பாகில் வரிசையாக நிற்கும் பழைய கார்களில், இரண்டு மூன்று ஆண்டுகளே ஆன விலையுயர்ந்த கார்களும் உண்டு. ஆசை தீர விரட்டியவர் பளபளக்கும் வண்ணத்தைக் காட்டி விற்றுவிடுகிறார். நீலப்புகை, யாரென்றே அவருக்குத் தெரியாத இரண்டாம் உடைமையாளருக்கு வந்து சேர்கிறது. ஷோரூம்களில் வருவோர் போவோர் எல்லாம் ஓட்டிப் பார்க்கும் கார்களின் நிலை இன்னும் பரிதாபம்; அவற்றின் இளமையைக் காக்க வேண்டிய கடமை தனக்கு இருப்பதாக ஓட்டுபவர் எவரும் நினைப்பதில்லை.

'என் பணத்தில் வாங்கிய பொருள். எப்படி ஓட்டினால் யாருக்கு என்ன?' என்று முதல் உடைமையாளர் கேட்கலாம். சட்டப்படி அதற்கு மறுப்பில்லை. ஆனால் தர்மத்தின் கணக்கு விற்கும் நாளோடு முடிந்துவிடுவதில்லை. பதஞ்சலி வகுத்த யமங்களில் அஸ்தேயம் ஒன்று. பிறர் பொருளைக் கவராமை என்பது அதன் பொருள். நாளை மற்றொருவருக்கு உரியதாகப் போகும் ஆயுளை இன்றே செலவழித்துவிட்டு, 'பத்திரமாக ஓட்டிய கார்' என்று கூறி விற்பவர், அஸ்தேயத்தோடு சத்தியத்தையும் இழக்கிறார். இளமையைப் பிரம்மசரியத்தில் கழிக்கச் சொன்ன முன்னோரும் அந்த இளைஞனின் பிற்கால நலனை மட்டும் எண்ணவில்லை. அவன் உடலையும் குணத்தையும் அடுத்துப் பெறப்போவது பிறக்காத குழந்தைகள்.

சில ஸ்போர்ட்ஸ் கார்களில் எஞ்சின் தன் உச்ச எல்லையைத் தொட்டதையும் தாண்டியதையும் கணினி பதிவு செய்து வைக்கிறது. விவரம் அறிந்தவர்கள் பழைய காரை வாங்குமுன் அந்தப் பதிவைக் கேட்டுப் பார்க்கிறார்கள். ஆனால் முதல் வாரத்தில், நாலாயிரத்தில் நிற்க வேண்டிய முள் ஐயாயிரத்தைத் தொட்டது அந்தப் பதிவில் ஏறுவதில்லை. அதற்குச் சாட்சி ஓட்டுபவர் ஒருவரே.

விரதக் காலம் முடிந்ததும் கார் பணிமனைக்குப் போகிறது. வடிக்கப்படும் முதல் எண்ணெயை வெளிச்சத்தில் பார்த்தால், தேய்ந்து உதிர்ந்த மேடுகள் சில சமயம் நுண்ணிய உலோகத் துகள்களாக மின்னும். புதிய எண்ணெய் ஊற்றப்படுகிறது. கையேட்டின் தடையும் நீங்குகிறது. மறுநாள் அதிகாலை அந்தக் கார் ஆக்ராவை நோக்கி 165 கி.மீ. நீளும் யமுனா விரைவுச்சாலையில் ஏறுகிறது. அங்கே வேக எல்லை 100 என்ற பலகை நிற்கிறது.