காசியில் இரண்டு பண்டாக்கள்

'அர்ச்சகர் கடுஞ்சொல் கூறினார். அன்றோடு ஆலயம் செல்வதை நிறுத்திவிட்டேன்' என்போரை நாம் கண்டிருக்கிறோம். 'அவரும் மனிதர்தானே' என்று சமாதானம் கூறிவிடுகிறோம். புண்பட்டவருக்கு அது போதுவதில்லை. நாளெல்லாம் சந்நிதியில் நிற்பவரையே தெய்வம் மாற்றவில்லை என்றால், என்னை எவ்வாறு மாற்றும் என்பது அவரது கேள்வி. நியாயமான கேள்விதான்.

1902-இல் கல்கத்தாவிலிருந்து ராஜ்கோட்டுக்கு மூன்றாம் வகுப்பில் பயணம் செய்த காந்தியடிகள், வழியில் காசியில் இறங்கினார். அங்கு நிகழ்ந்ததைச் 'சத்திய சோதனை'யில் ஒளிக்காமல் எழுதியுள்ளார். ஒன்றேகால் ரூபாய்க்கு மேல் தட்சிணை தர இயலாது என்று முதலிலேயே சொல்லி, ஒரு பண்டாவின் இல்லத்தில் தங்கினார். அவரோ, செல்வரானாலும் வறியவரானாலும் தமது சேவை ஒன்றே என்று கூறி, கங்கை ஸ்நானத்தையும் பூஜையையும் முறைப்படி செய்வித்தார்.

நண்பகலில் விசுவநாதரைத் தரிசிக்கச் சென்றார். வழுக்கும் குறுகிய சந்து, ஈக்கள், கடைக்காரர்களின் கூச்சல், அழுகிய மலர்களின் நாற்றம். இறைவனைத் தேடினார்; காணவில்லை. ஞானவாவி அருகே, தட்சிணை தரும் மனமின்றி ஒரு தம்படியை வைத்தார். (ரூபாயில் 192-இல் ஒரு பங்கு, ஒன்றுமே தராதிருந்தால்கூட இத்தனை கோபம் வந்திராது!) அங்கிருந்த பண்டா அதை வீசியெறிந்து, இந்த அவமதிப்புக்கு நரகமே கிட்டும் என்று சபித்தார். காந்தியடிகள் காசை எடுத்துக்கொண்டு நடந்தார். பண்டா மீண்டும் அழைத்தார்; தாம் மறுத்தால் அவருக்குத்தான் கேடு என்று சொல்லி, அதே தம்படியைப் பெற்றுக்கொண்டார்.

ஒரே நாளில் இரு பண்டாக்கள். நாம் திரும்பத் திரும்பச் சொல்வது இரண்டாமவர் கதையையே. எனினும் முதலாமவரின் பண்பு, மற்றவரின் வசவை இனிமையாக்கிவிடாது.

இறைவனின் கருணையை ஐயுறுவோர் இத்தகைய தலங்களைக் காணட்டும், தம் பெயரால் நிகழும் எத்தனை வஞ்சனைகளை அவர் பொறுத்துக்கொள்கிறார் என்ற பொருளில் எழுதுகிறார் அடிகள். நாம் ஐயத்தை வைக்கும் இடத்தில் அவர் இறைவனின் பொறுமையை வைக்கிறார். வசைபட்டவர்க்கு இது எளிதில் ஆறுதல் தராது என்றே தோன்றுகிறது. வைதவரை இறைவன் பொறுப்பதில் இவருக்கு என்ன லாபம்?

ஆனால் அடிகள் அதோடு நிற்கவில்லை. 1916 பிப்ரவரியில் காசி இந்து பல்கலைக்கழக விழாவில், மன்னர்கள் முன்னிலையில், அந்த ஆலயச் சந்துகளின் அழுக்கைப் பற்றிப் பேசினார். அது நம் குணத்தின் பிரதிபலிப்பல்லவா என்று கேட்டார். 'அவர்கள்' என்றிருந்த குறை அங்கே 'நாம்' ஆயிற்று.

விசுவநாதர் ஆலயத்திற்குப் பின்னர் இருமுறை சென்றதாகவும் எழுதுகிறார். அப்போது அவர் மகாத்மா. அவரைத் தரிசிக்க வந்த கூட்டம் அவரைத் தரிசிக்கவிடவில்லை. அழுக்கும் கூச்சலும் முன்போலவே இருந்தனவாம்.