போதுமான கருவி எது?

ஜூன் மாதம் பிறந்து, செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று தென்காசிக்குள் நுழையும்போது, இவ்வட்டாரத்து வீடுகளில் இரண்டு பேச்சுகள் எழுவதுண்டு. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்பது முதற் பேச்சு. வெளியூரிலிருந்து உறவினர் வருகிறார்களே, நல்லதாகப் படம் பிடிக்க நம்மிடம் என்ன இருக்கிறது என்பது இரண்டாவது பேச்சு. இந்த இரண்டாவது பேச்சு இறுதியில் ஒரு கேள்வியில் வந்து நிற்கும்: சட்டைப்பையில் அடங்கும் காம்பாக்ட் கேமரா போதுமா, அல்லது தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர். கேமரா வேண்டுமா?

இதைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி என்று நாம் எண்ணிவிடுகிறோம். விலையையும் திறனையும் அவர் சொல்வார்; அதில் தவறில்லை. ஆயினும் 'போதும்' என்ற சொல்லின் பொருளை அவர் நமக்குச் சொல்ல இயலாது. அது நம் மனச்சான்று விடை தர வேண்டிய கேள்வி. ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது, உலகை எவ்வாறு பார்க்கப் போகிறோம், பிறரை எவ்வாறு நடத்தப் போகிறோம் என்பதையும் ஓரளவு சேர்த்தே தேர்ந்தெடுக்கிறோம். எனவே இதனைச் சற்று நிதானமாக ஆராய்வது பயன் தரும்.

முதலில் இரு கருவிகளையும் நேர்மையாக அறிந்து கொள்வோம். டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸ் வழியாக வரும் ஒளி, உள்ளே சாய்வாக நிற்கும் கண்ணாடியில் பட்டு மேலே திரும்பி, பார்ப்பவரின் கண்ணை அடைகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்புகிறது. ஒளி பின்னாலுள்ள உணர்பலகையில் பதிகிறது. அதன் பரப்பு, சாதாரணச் சிறு கேமராக்களின் உணர்பலகையைவிட ஏறத்தாழ 12 மடங்கு பெரியது. பரப்பு பெரிதானால் அது வாங்கும் ஒளியும் மிகுதி. மேகம் மூடிய சாரல் நாளிலும், மாலை மங்கிய பின்னரும் அது தெளிவாகப் படம் தருவதற்குக் காரணம் இதுவே. தேவைக்கேற்ப லென்ஸை மாற்றிக் கொள்ளலாம். சிறு கேமராவில் லென்ஸ் உடலோடு பிணைந்தது. பெரும்பாலான முடிவுகளை அதுவே எடுத்துவிடும். அழுத்துவது ஒன்றே நம் வேலை.

'நீங்கள் அழுத்துங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக் கொள்கிறோம்' என்னும் இந்த ஏற்பாடு புதியதன்று. 1888-இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் வெளியிட்ட முதல் கோடக் கேமராவே அப்படிப்பட்டதுதான். 1900-இல் அவருடைய நிறுவனம் ஒரு டாலர் விலையில் 'பிரௌனி' பெட்டிக் கேமராவைக் கொண்டு வந்தது. செல்வருக்கும் தொழிலருக்கும் மட்டுமே உரியதாயிருந்த கலை சிறுவர் கைக்கும் வந்தது. நம் நாட்டில் ஆக்ஃபா கிளிக்-3, பின்னர் யாஷிகா எம்.எஃப்.-2 போன்ற எளிய கேமராக்கள் நடுத்தரக் குடும்பங்களின் திருமுழுக்கையும் புதுநன்மையையும் திருமணத்தையும் காத்து வைத்தன. மறுபுறம், கண்ணாடி வைத்த டிஜிட்டல் கேமரா நெடுநாள் தொழிலர் பொருளாகவே இருந்தது. 2003-இல் கேனன் நிறுவனம் 300டி என்ற கேமராவை ஆயிரம் டாலருக்குக் குறைந்த விலையில் விற்கத் தொடங்கியபோதுதான் 'தொடக்கநிலை' என்ற வகை உண்மையில் பிறந்தது.

இன்று இரண்டு வகையுமே முன்போல் இல்லை. 2010-இல் உலகச் சந்தைக்கு 12 கோடிக்கும் மேற்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் வந்தன. 2023-இல் அந்த எண்ணிக்கை 80 லட்சத்தை எட்டவில்லை. சிறு கேமராவின் இடத்தைக் கைபேசி பிடித்துக் கொண்டது. 2018-இல் வந்து பலராலும் விரும்பப்பட்ட நிகான் டி3500-இன் தயாரிப்பும் 2022-இல் நின்றுவிட்டது. இன்று பலர் இக்கருவிகளைப் பழைய பொருளாகவே வாங்குகின்றனர். ஆயினும் கேள்வி மட்டும் பழையதாகிவிடவில்லை. பையில் அடங்கும் எளிய கருவியா, கற்றுக் கையாள வேண்டிய பெரிய கருவியா என்ற தேர்வு, பெயர் மாறி நம்முன் நிற்கத்தான் செய்கிறது.

இனி இருவர் வழக்கையும் குற்றாலத்திலேயே வைத்து விசாரிப்போம். பேரருவியின் எதிரே நின்றால் காற்றில் பறக்கும் திவலைகள் நொடிக்குள் லென்ஸை மூடிவிடும். தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள் பொதுவாக நீர்க்காப்பு இல்லாதவை. அந்தச் சாரலில் லென்ஸைக் கழற்றி மாற்றுவது, கதவைத் திறந்து மழையை வீட்டுக்குள் அழைப்பதற்கு ஒப்பாகும். ஆகவே பெரிய கேமரா வைத்திருப்பவர் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு தள்ளியே நிற்கிறார், குளிப்பதுமில்லை. நீர் புகாத சிறு கேமரா வைத்திருப்பவரோ அருவிக்குள்ளேயே சென்று, தலையில் நீர் விழும் குழந்தையின் திகைப்பையும் சிரிப்பையும் பிடித்து வருகிறார். உரிய இடத்துக்கு உடன் வராத சிறந்த கருவியைவிட, உடன் வரும் எளிய கருவி மேலானது என்பதை மறுக்க முடியுமா?

ஆனால் பெரிய கருவிக்காரரின் பக்கத்திலும் நியாயம் உண்டு. அருவியை விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் பதிவு செய்தால் ஒவ்வொரு துளியும் மணியாக உறைந்து நிற்கும். அரை விநாடி பதிவு செய்தால் அதே நீர் வெண்பட்டாக வழியும்; அதற்கு முக்காலி வேண்டும், பொறுமை வேண்டும், ஒளியின் அளவறிந்து குறைக்கத் தெரிய வேண்டும். இரண்டும் உண்மையான அருவிகளே. எதைக் காட்டுவது என்று முடிவு செய்ய, காட்டுபவர் அருவியை முதலில் நெடுநேரம் பார்த்திருக்க வேண்டும். எல்லா முடிவுகளையும் கருவியிடம் விட்டுவிட்டவருக்கு இந்தப் பயிற்சி கிட்டுவதில்லை. ஆகவே கற்க விரும்பும் இளைஞனிடம், "இருப்பதே போதும்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவது எப்போதும் அறிவுரையாகாது. சில வேளைகளில் அது நம் சோம்பலுக்கோ கருமித்தனத்துக்கோ நாம் அணிவிக்கும் நல்லாடை. தச்சனின் மகன் நல்ல உளி கேட்டால் அதைப் பேராசை என்று யாரும் சொல்வதில்லை.

எனினும் 'தொடக்கநிலை' என்ற சொல்லைக் கூர்ந்து நோக்க வேண்டும். அது ஒரு வாசலின் பெயர். வாசல் என்றால் உள்ளே அறைகள் உண்டு. கேமராவோடு வரும் சிறு லென்ஸ் சில மாதங்களில் குறைவாகத் தோன்றும். தொலைவைக் காட்டும் லென்ஸ் வேண்டும். பிறகு இருளுக்கு ஒன்று, பூச்சிக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று. வாங்கும் நாளிலேயே 'இது கடைசி அன்று' என்ற செய்தியை அப்பெயர் நம் காதில் ஓதிவிடுகிறது. கலையில் வளர்வது வேறு, பொருளில் வளர்வது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. கையிலுள்ள கருவியால் செய்ய முடிந்ததை எல்லாம் செய்துபார்த்து, இன்ன இடத்தில் இது என்னைத் தடுக்கிறது என்று விரல் வைத்துச் சொல்லக் கூடியவருக்குத் தேவை இருக்கிறது. அடுத்தவர் கழுத்தில் தொங்குவதைக் கண்டதால் மட்டும் எழுவது அவா.

தென்காசியில் மாதச் சம்பளத்தில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கல்லூரியில் படிக்கும் மகன் பெரிய கேமரா கேட்கிறான். தந்தை சிறியதே போதும் என்கிறார். தாயோ, மகளின் விடுதிக் கட்டணம் செலுத்தும் மாதம் அடுத்தது என்று நினைவூட்டுகிறார். இங்கே கேமராவின் உண்மையான விலை கடைச்சீட்டில் எழுதப்பட்டது மட்டுமன்று. அந்தப் பணம் வேறெதைச் செய்யாமல் போகிறதோ அதுவும் அதன் விலையே. பேசாதிருக்கும் மகளின் தேவையும் அந்த மேசையில் அமர்ந்திருக்க வேண்டும். அவளையும் அழைத்துக் கேட்ட பிறகு எடுக்கும் முடிவு எதுவாயினும் அது மதிப்புடையது. கேட்காமல் எடுக்கும் முடிவு, சிக்கனமானதாயினும், குறையுடையதே.

பணத்தைவிட ஆழமான வேறொன்றும் உள்ளது. அது படத்தில் விழுபவர்களைப் பற்றியது. குற்றாலம் மக்கள் குளிக்கும் இடம். ஈர உடையோடு, எவ்விதத் தற்காப்புமின்றி அங்கே நிற்கிறார்கள். தொலைநோக்கு லென்ஸ் வைத்திருப்பவர், அவர்கள் அறியாமல் அவர்கள் அருகே சென்றுவிட முடியும். பார்ப்பவர் பார்க்கப்படாதிருக்கும் இந்த ஆற்றல் மிகப் பெரியது; ஆகவே ஆபத்தானது. சிறிய லென்ஸ் உடையவர் அருகில் நடந்து சென்று, முகம் பார்த்து, "எடுக்கலாமா?" என்று கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வியில் எதிரே இருப்பவர் மீண்டும் ஒரு மனிதராகிறார். பெரிய கருவி வைத்திருப்பவர் யாவரும் தவறு செய்வர் என்பதன்று கருத்து. கைபேசியாலும் இத்தீமை நிகழ்கிறது. ஆற்றல் கூடுந்தோறும் கட்டுப்பாடும் கூட வேண்டும் என்பதே கருத்து.

மனிதருக்கு மட்டுமன்று, நிலத்துக்கும் இது பொருந்தும். சுந்தரபாண்டியபுரம் பகுதியில் ஆடி, ஆவணியில் சூரியகாந்தி பூக்கும்போது, அண்டை மாநிலமான கேரளத்திலிருந்தும் மக்கள் திரளாக வருகிறார்கள். நமக்கு அது மஞ்சள் திரைச்சீலை. உழவருக்கு அது விதை, எண்ணெய், கடன் தவணை. ஒரு படத்துக்காக வரப்பை விட்டு இறங்கி மிதித்த செடி, படத்தில் அழகாகவே இருக்கும். மிதிபட்டது படத்தில் தெரியாது.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பாய்ந்தது. குளித்துக் கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். ஒரு மாணவர் உயிரிழந்தார். அவ்வெள்ளத்தின் காட்சிகள் நாடெங்கும் பரவின. அவற்றைப் பதிவு செய்தவர்களைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை. அத்தகைய காட்சியே நாளை ஒருவரை எச்சரித்துக் காக்கலாம். ஆனால் நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: அத்தகைய நேரத்தில் என் கை எதைப் பற்றியிருக்கும்? எந்தக் கருவியாயினும், தேவைப்படும் நொடியில் அதைக் கீழே போட்டுவிட நம்மால் முடிய வேண்டும். கீழே போட மனம் வராத அளவுக்கு விலையுயர்ந்த பொருளை அருவிக்கரைக்குக் கொண்டு செல்லாதிருப்பதே நலம்.

கருவியே இல்லாமலும் குற்றாலத்தைக் கண்டவர்கள் உண்டு. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882-1954) குற்றாலத்தில் வாழ்ந்து, ராஜாஜி, கல்கி முதலிய நண்பர்களை அங்கே வரவேற்று, ரசிப்பது என்பதே ஒரு பயிற்சி எனக் காட்டினார். நடராசரின் ஐந்து சபைகளுள் ஒன்றான சித்திர சபை அங்கே சுவர் நிறைந்த ஓவியங்களோடு நிற்கிறது. அவ்வோவியர்களின் கருவி தூரிகையும் வண்ணமுமே. அதே வேளையில், 1792-இல் தென்னாட்டில் பயணம் செய்து குற்றால அருவியை வரைந்த ஆங்கிலேய ஓவியர்களான தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் தங்கள் பயணங்களில் 'கேமரா ஆப்ஸ்கியூரா' என்ற இருட்டுப் பெட்டியைத் துணையாகக் கொண்டவர்கள். ஒளிப்படம் பிறப்பதற்கு முன்பே கருவியின் உதவியை அவர்கள் நாடினார்கள். அதனால் அவர்கள் பார்வை குறைந்துவிடவில்லை. ஆகவே கருவி கண்ணின் பகை என்று சொல்வதும் சரியன்று. படியேற முடியாத பாட்டிக்கு, அரபு நாட்டில் உழைக்கும் மகனுக்கு, அருவியின் ஒரு துண்டைக் கொண்டு சேர்ப்பது அன்பின் செயல் அன்றோ?

ஆகவே தேர்வு செய்யும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக் கொள்ளலாம். இப்படம் யாருக்காக? கற்பதற்கு வாரந்தோறும் நேரம் தர ஆயத்தமா? என் கையில் இக்கருவி இருப்பதால் அருகில் இருப்பவர் அச்சமடைவாரா, மகிழ்வாரா? குடும்பத்தோடு அருவிக்குச் சென்று, தானும் குளித்து, நினைவுக்குச் சில படங்கள் வேண்டும் என்பவருக்குச் சிறிய கேமராவே போதும். பலருக்குக் கையிலுள்ள கைபேசியே போதும். கூட்டமில்லாத பின்பனிக் காலத்திலும், நீர் நூலாக ஒழுகும் கோடையிலும் அதே பாறையைத் தேடிச் சென்று பார்க்கத் தயாராக இருப்பவர் பெரியதை வாங்கட்டும். பழையதாக வாங்கினாலும் கற்பதற்குக் குறைவில்லை.

எதுவாயினும், உடனே வாங்க வேண்டாம். பேரருவி மலையுச்சியிலிருந்து நேரே நம் தலையில் விழுவதில்லை; இடையே பொங்குமாகடல் என்னும் பாறைக்குழி அதன் வேகத்தை ஏற்றுத் தணிக்கிறது. அதனால்தான் குழந்தையும் அதன்கீழ் நிற்க முடிகிறது. நம் ஆசைக்கும் நம் பணப்பைக்கும் நடுவே அப்படியொரு குழி இருக்கட்டும். ஒரு சாரல் காலம் முழுவதும், இருக்கும் கருவியோடு சென்று வாருங்கள். அது முடிந்த பின்னும் இன்னது வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தால், மன நிறைவோடு வாங்குங்கள். தெரியவில்லையாயின், போதுமானது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது.