இரண்டு பக்கமும் வேண்டிக்கொண்டால்

சேப்பாக்கத்தில் ஆட்டம் நடக்கும் நாளில் திருவல்லிக்கேணி வீடுகளில் தனிச் சட்டம் அமலுக்கு வந்துவிடும். கடைசி ஐந்து ஓவரில் யாரும் இடம் மாறக்கூடாது. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தவர் கண்ணில் ஒரு சிக்ஸர் பட்டுவிட்டால், ஆட்டம் முடியும்வரை அவருக்கு நிலைப்படிதான் இடம். "தாத்தா, நகராதீங்க, விக்கெட் விழுந்துடும்!" என்று பேரன் கத்துவான். தாத்தாவும் கால் மரத்துப் போனாலும் நகரமாட்டார்.

இதைச் சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம். ஆனால் அந்த வீட்டிலேயே யாராவது ஒருவர் சுவாமி படத்துக்கு முன்னால் கண்ணை மூடி நிற்கிறார் என்றால், கேள்வி கொஞ்சம் கனமாகிறது. உலகத்தில் இவ்வளவு நோயும் பசியும் இருக்கும்போது ஒரு எல்.பி.டபிள்யூவுக்காகக் கடவுளைக் கூப்பிடலாமா? எதிரணி மட்டையாளரின் தாயும் அதே நேரத்தில் கையேந்தியிருப்பாரே, கடவுள் யார் பக்கம் நிற்பார்?

மைதானத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் பார்த்தசாரதி பெருமாளுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. பாரதப் போருக்கு முன் துரியோதனன், அர்ஜுனன் இருவருமே கண்ணனாக இருந்த அவரிடம் உதவி கேட்டுப் போனார்கள். அவர் இருவரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஒருவனுக்குச் சேனை, இன்னொருவனுக்கு ஆயுதம் எடுக்காத தான். அந்த வாக்கின் அடையாளமாகத்தான் திருவல்லிக்கேணி மூலவர் கையில் சங்கு உண்டு, சக்கரம் இல்லை. முகத்தில் கம்பீரமான மீசை. உற்சவர் முகத்திலோ தழும்புகள். தேரோட்டியபோது பீஷ்மரின் அம்புகள் பட்ட வடுக்கள் என்பது ஐதீகம். உதவி கேட்டவனுக்காக அடிபட்டாரே தவிர, கேட்டது பெரிதா சிறிதா என்று அவர் தராசு பிடிக்கவில்லை.

கீதையின் ஏழாம் அத்தியாயத்தில் தன்னைத் தேடி வருபவர்களை அவரே நான்கு வகையாகச் சொல்கிறார்: துன்பப்படுபவன், அறிய விரும்புபவன், பொருள் வேண்டுபவன், ஞானி. ஞானிக்குத்தான் முதலிடம் என்றாலும் மற்ற மூவரையும் அவர் விரட்டவில்லை. எல்லோரும் நல்லவர்களே என்கிறார். சன்னிதியில் மனமுருகக் கும்பிட்ட கையோடு சர்க்கரைப் பொங்கல் தொன்னைக்கும் கை நீட்டுகிறவருக்கு இதைவிட என்ன ஆறுதல் வேண்டும்? நெய் ஒழுகும் அந்தப் பொங்கலை ருசித்துச் சாப்பிடுவதால் பக்தி குறைந்துவிடாது.

சினிமா ரசிகர்களின் வேண்டுதலையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். நோயில் விழுந்தபோது, 1968இல் வந்த 'ஒளி விளக்கு' படத்தின் பிரார்த்தனைப் பாட்டு தமிழ்நாடு முழுக்கத் திரையரங்குகளில் ஒலித்தது. படத்தில் அவர் உயிர் பிழைக்க சௌகார் ஜானகி பாடுவதாக அமைந்த காட்சி அது. டிக்கெட் வாங்கிப் படம் பார்க்க வந்தவர்கள் அந்த இடத்தில் அழுதார்கள். கோயில், மசூதி, தேவாலயம் என்று பேதமில்லாமல் வழிபாடு நடந்தது. அமெரிக்காவில் சிகிச்சை முடிந்து 1985 பிப்ரவரியில் அவர் திரும்பினார். குணமாக்கியது மருத்துவமா, வேண்டுதலா என்று வாதாடலாம். அரிதாரத்துக்காக எழுதப்பட்ட ஒரு பாட்டு நிஜமான வேண்டுதலாக மாறியதில் மட்டும் ஐயமில்லை. அதில் யாருக்கும் கேடு நினைக்கும் எண்ணம் இல்லை.

ஆட்டத்துக்கான வேண்டுதலில்தான் சங்கடம் தொடங்குகிறது. ஆட்டத்தில் ஒருவர் வென்றால் இன்னொருவர் தோற்றாக வேண்டும். 'எங்கள் ஆள் நன்றாக ஆடட்டும்' என்பது வேறு, 'அவன் நாசமாகப் போகட்டும்' என்பது வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கும்பிடுதான். எது எது என்று ஆட்டம் முடிந்த பிறகே வெளிச்சத்துக்கு வரும்.

1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில் அது வெளிச்சத்துக்கு வந்தது. பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டில் இந்தியாவுக்கு இலக்கு 271. ஐந்து விக்கெட் 82 ரன்னுக்குப் போன பிறகு, முதுகுவலியில் துடித்தபடியே சச்சின் 136 எடுத்தார். அவர் தூக்கி அடித்த பந்தை வாசிம் அக்ரம் பிடித்தபோது தேவை 17 ரன், கையில் மூன்று விக்கெட். சென்னை முழுக்க அந்த நிமிடம் எத்தனை சாமிகளைக் கூப்பிட்டிருக்கும்! நான்கே ரன்னில் எல்லாம் முடிந்தது. ஸ்ரீநாத்தின் ஸ்டம்பை சக்லைன் முஷ்டாக் சாய்க்க, இந்தியா 12 ரன்னில் தோற்றது.

சில நொடிகள் கூட்டம் வாயடைத்துக் கிடந்தது. பிறகு ஒருவர் பின் ஒருவராக எழுந்து கைதட்டத் தொடங்கினார்கள். அரங்கமே எழுந்து நின்றது. எதிர்பாராத அந்த வரவேற்பில் நெகிழ்ந்த பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்து நன்றி சொன்னது. கேட்டது கிடைக்காத கூட்டம் அது. மனம் உடைந்துபோயிருந்த கூட்டம். காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தவர்களும், வாலாஜா மசூதியில் தொழுதுவிட்டு வந்தவர்களும் அதில் தோளோடு தோள் நின்றிருப்பார்கள். அவர்களுடைய வேண்டுதல் வீண் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. அடுத்த ஆட்டத்துக்கும் அவர்கள் வேண்டிக்கொண்டுதான் வந்திருப்பார்கள், வரவும் வேண்டும்.