காசு கிடைத்த மண்

பழங்காசு சேகரிப்போர் முதலில் தேடுவது அரசனின் பெயரை. அதற்கு முன் கேட்கவேண்டியது, எந்த மண்ணில் கிடைத்தது என்பது. அடி அண்ணாமலைக்கு மேற்கே, செங்கம் பகுதியின் ஆண்டிப்பட்டியில் ஈயக்காசுகள் குவியலாகக் கிடைத்தன. தமிழ்ப் பிராமியில் 'சேந்தன்' என்ற பெயர் அவற்றில் இருக்கிறது. சேந்தன் பலருக்கும் வழங்கிய பெயர். அதை மட்டும் வைத்து ஆளை அடையாளம் காண முடியாது. ஆனால் மதிப்புக் குறைந்த ஈயக்காசு, பொன்னைப்போல் நெடுந்தொலைவு பயணிப்பதில்லை. பெரும்பாலும் புழங்கிய வட்டாரத்திலேயே புதைகிறது. அதனால்தான் இவற்றை மலைபடுகடாம் பாடும் நன்னனின் செங்கண்மா நாட்டோடு சேர்த்து ஆராய முடிகிறது. குதிரை பொறித்த மலையமான் செப்புக்காசுகளுக்கும், எழுத்துத் தேய்ந்துவிட்டால், மலையமான்கள் ஆண்ட திருக்கோவலூர் மண்ணே வலுவான சாட்சி.

சேகரிப்பாளர்கள் இல்லையென்றால் இவை உருக்கப்பட்டிருக்குமே என்பார்கள். உண்மைதான், 'பெருவழுதி' என்ற பெயர் பொறித்த காசை வெளிப்படுத்திய இரா. கிருஷ்ணமூர்த்தியும் சேகரிப்பாளரே, அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அந்தக் காசு தன் பெயரைத் தானே சொன்னது. பெயரில்லாத காசுகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஊரைக் கேட்டுக் குறிக்காமல் அவற்றை வாங்கினால், உலோகம் பிழைக்கும், வரலாறு போய்விடும். இந்த இழப்பைத் தடுக்கச் சட்டத்திலும் வழி உண்டு: 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் 10 ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை ஆட்சியருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. அப்படித் தெரிவிக்கும்போதுதான் குவியல் சிதறாமல், கிடைத்த இடத்தோடு பதிவாகிறது.